மஞ்சள் வயரா, ஃபயர்வயரா? பழைய கேசட்டுகள் பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் எடிட்டிங் சாஃப்ட்வேர் பற்றி ஒருவர் கேட்டதற்கு, "பீரோவில் கிடக்கும் கல்யாண கேசட்டை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள், சாஃப்ட்வேரைப் பிறகு பார்க்கலாம்" என்று ஒரு வரி எழுதி வைத்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். சுற்றி வளைத்து எல்லாரும் கேட்பது ஒன்றே: கேமராவில் நாலைந்து துளை இருக்கிறதே, எதில் வயரைச் சொருகுவது? அதனால் இந்த மாதம் முழுக்க இது மட்டும்தான்.

கேள்வி: எங்கள் கல்யாணம் 2004-ல் நடந்தது. ஐந்து மினிடிவி கேசட் இருக்கிறது. அப்பா வாங்கிய சோனி ஹேண்டிகேமும் நல்ல வேளையாக இன்னும் ஓடுகிறது. அதில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போடும் துளை ஒன்று, யூஎஸ்பி ஒன்று, 'ஐ.லிங்க்' என்று சின்னதாக ஒன்று. யூஎஸ்பி போதும் என்கிறார் கடைக்காரர். மகன் எடிட் செய்து தருவதாகச் சொல்கிறான். எதைப் போடட்டும்? (வாசகி, கும்பகோணம்)

ஐ.லிங்க்தான் அம்மா. கடைக்காரர் சொன்னதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஐ.லிங்க் என்பது சோனி வைத்த பெயர். ஆப்பிள்காரர்கள் அதையே ஃபயர்வயர் என்றார்கள், வேறு சில கேமராக்களில் வெறும் 'டிவி' என்று போட்டிருக்கும் (இது தொலைக்காட்சிப் பெட்டி டிவி இல்லை, டிஜிட்டல் வீடியோ, இந்தக் குழப்பத்தாலேயே எத்தனையோ பேர் அந்தத் துளையைத் தொட்டதே இல்லை), கம்ப்யூட்டர் கடையில் கேட்டால் 1394 என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். ஐஇஇஇ 1394 என்று 1995-ல் வந்த தரம்.

ஏன் அது என்றால், உங்கள் கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். கால் அங்குல நாடாவில் படமும் சத்தமும் எண்களாகவே பதிந்து கிடக்கின்றன. ஃபயர்வயரைப் போட்டால் அந்த எண்கள் அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். பென்டிரைவிலிருந்து ஃபைலை இழுத்துப் போடுகிற மாதிரிதான். கேப்சர் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், உண்மையில் காப்பி. என்ன, ஒரு மணி நேர கேசட்டுக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஆகும், கேமரா ஓட்டிக்கொண்டேதான் அனுப்பும்.

மஞ்சள் வயரில் நடப்பது வேறு. கேமரா அந்த எண்களைப் படித்து அனலாக் சிக்னலாக்கி வயரில் விடுகிறது, மறுமுனையில் ஒரு டப்பா அதை வாங்கி மறுபடி எண்ணாக்குகிறது. கையில் இருக்கும் கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்காமல், ஒருவர் வாசிக்க இன்னொருவர் கேட்டு எழுதுகிற மாதிரி. விஷயம் வந்துவிடும், எழுத்துப்பிழையும் சேர்ந்து வரும். ஒரே கேசட்டை இரண்டு வழியிலும் ஏற்றி அருகருகே ஓட்டிப் பாருங்கள். ஃபயர்வயரில் வந்த படத்தில் கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு கரையோடு நிற்கும். மஞ்சள் வயரில் வந்ததில் அந்தச் சிவப்பு கொஞ்சம் வழிந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி மேல் ஏறியிருக்கும்.

யூஎஸ்பி? அந்தக் காலத்துக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் அது மெமரி கார்டில் எடுத்த போட்டோக்களை இறக்கவும், வெப்கேமராவாக ஓட்டவும் வைத்த துளை. அதில் வீடியோவும் வரும், தபால்தலை அளவுக்கு. பிற்பாடு வந்த சில மாடல்கள் மட்டும் யூஎஸ்பி 2.0 வழியாகவே முழுத் தரத்தில் கொடுத்தன. உங்கள் கேமராவின் கையேட்டில் அப்படித் தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய நம்ப வேண்டாம்.

இன்னொரு லாபம் உண்டு, பலருக்குத் தெரியாது. மினிடிவி கேசட்டில் படத்தோடு டைம்கோடும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்துக்கும், ஒரு வரிசை எண்), எடுத்த தேதியும் நேரமும் ஒளிந்திருக்கின்றன. ஃபயர்வயரில் அவையும் கூடவே வரும். கேமராமேன் எங்கெங்கே நிறுத்தி நிறுத்தி எடுத்தாரோ அங்கெல்லாம் சாஃப்ட்வேர் தானே வெட்டித் தனித்தனி ஃபைலாகக் கொடுத்துவிடும், உங்கள் மகனுக்குப் பாதி வேலை மிச்சம். தாலி கட்டியது ஆறு மணிக்கா ஆறேகாலுக்கா என்று வீட்டில் பேச்சு வந்தாலும் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம், கேமராமேன் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தால்.

மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். ஐந்து கேசட்டுக்கு 65. அதைப் பார்த்துப் பயந்து எடுக்கும்போதே எம்பி4 ஆகச் சுருக்கிவிட வேண்டாம், 'டிவி ஏவிஐ' (கேசட்டில் இருப்பதை மாற்றாமல் அப்படியே வைக்கும் ஃபைல்) ஆகவே ஏற்றச் சொல்லுங்கள். விண்டோஸில் வின்டிவி என்று ஒரு குட்டி இலவச சாஃப்ட்வேர் போதும், லினக்ஸ் என்றால் டிவிகிராப். எடிட் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு எம்பி4 போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: என் லேப்டாப் புதுசு, ஃபயர்வயர் கிடையாது. ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை சின்ன நாலு பின் என்று இருநூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு கேபிள் வாங்கினேன். கேமராவை லேப்டாப் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. டிரைவர் ஏதாவது போட வேண்டுமா அண்ணா? (வாசகர், கோயம்புத்தூர்)

எந்த டிரைவரைப் போட்டாலும் வராது தம்பி. திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்றால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

ஃபயர்வயரும் யூஎஸ்பியும் பேசுகிற பாஷையே வேறு. யூஎஸ்பியில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் மற்றது வாய் திறக்கும். ஃபயர்வயரில் இரண்டு பக்கமும் சரிசமம், அதோடு வீடியோவுக்கென்று வயரில் இத்தனை இடம் என்று முன்னாலேயே ஒதுக்கி வைத்துவிடும். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது "கொஞ்சம் பொறு" என்று அதனிடம் சொல்ல முடியாது அல்லவா, அதற்காகத்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும். நீங்கள் வாங்கிய கேபிளில் செம்புக் கம்பிதான் இருக்கிறது, சிப் இல்லை. எனக்கே ஒன்று வீட்டில் கிடக்கிறது, 2011 வாக்கில் ஏமாந்தது.

சரி, வழி என்ன? எளிதானது பழைய கம்ப்யூட்டர். உங்கள் வீட்டிலோ மாமா வீட்டிலோ பரணில் 2005-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட லேப்டாப் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், ஓரத்தில் 1394 என்றோ எஸ்400 என்றோ எழுதிய சின்னத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் சாதாரண மாடல்களிலேயே வைத்தார்கள். இந்த வேலைக்கு வேகமான கம்ப்யூட்டர் தேவையே இல்லை, நொடிக்கு 3.6 எம்பி அளவில் எழுதத் தெரிந்தால் போதும். ஏற்றிவிட்டு ஃபைலைப் புது லேப்டாப்புக்கு மாற்றி அங்கே எடிட் செய்யுங்கள்.

டெஸ்க்டாப் இருந்தால் ஃபயர்வயர் கார்டு வாங்கிப் போடலாம். சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் பழைய கார்டுகள் கிடைக்கும். மதர்போர்டில் பிசிஐ இருக்கிறதா பிசிஐ எக்ஸ்பிரஸா என்று பார்த்துக்கொண்டு போங்கள். சிப் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சில கார்டுகளுக்கு விண்டோஸ் 10-ல் 'லெகசி' என்ற பழைய 1394 டிரைவரைத் தனியாகப் போட்டால்தான் கேமரா தெரியும்; கார்டு கெட்டுப்போனது என்று முடிவு கட்டுமுன் அதைச் செய்து பாருங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: தண்டர்போல்ட் 3-லிருந்து 2-க்கு ஒரு அடாப்டர், அதிலிருந்து ஃபயர்வயருக்கு இன்னொன்று, அப்புறம் கேமரா கேபிள் என்று ரயில் பெட்டி மாதிரி கோத்தால் வேலை செய்யும், பார்க்கத்தான் கண்றாவியாக இருக்கும். ஆனால் 2025-ல் வந்த மேக் ஓஎஸ் 26 டஹோவில் ஃபயர்வயரையே எடுத்துவிட்டார்கள். கேசட் வேலை பாக்கி இருந்தால் அதற்கு மாறாமல் இருங்கள்.

ஒரு எச்சரிக்கை. டெஸ்க்டாப் கார்டில் இருக்கும் ஆறு பின் துளையில் மின்சாரமும் வருகிறது. அவசரத்தில் தலைகீழாக அழுத்திச் சொருகினால் கேமராவின் போர்ட் போய்விடும், அப்படிப் போன கேமராக்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவை அணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் வயரைச் சொருகி, அதன் பிறகு ஆன் செய்யுங்கள். கேமரா பக்கத்து நாலு பின் துளை ரொம்ப நோஞ்சான், அதன் மேல் பலத்தைக் காட்டாதீர்கள்.

கேள்வி: அக்கா கல்யாணம் 1993-ல், நாகர்கோவிலில். பெரிய விஎச்எஸ் கேசட் இரண்டு. இதற்கும் ஃபயர்வயர் போடலாமா? யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக் ஒன்றை வாங்கிப் பார்த்தேன், படம் வருகிறது, போகப் போக சத்தம் தனியாகப் போகிறது. (வாசகர், நாகர்கோவில்)

உங்கள் கேசட்டில் இருப்பது அனலாக், அதனால் மேலே சொன்ன காப்பி கதை இங்கே இல்லை. எங்கேயோ ஓரிடத்தில் அதை எண்ணாக மாற்றியே ஆக வேண்டும், அதை எந்த இடத்தில் யார் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் பிளேயர். எல்லாரும் கேப்சர் கருவிக்குக் காசு செலவழித்துவிட்டுப் பிளேயரைக் கோட்டை விடுகிறார்கள். விஎச்எஸ் படத்தில் இருப்பதே குறுக்குவாக்கில் சுமார் 240 கோட்டளவு விவரம்தான், அந்தக் கொஞ்சத்தையும் அழுக்கு ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் முனை) ஓட்டித் தொலைத்துவிட்டால் பின்னால் எந்தக் கருவியும் மீட்டுத் தராது. அக்கம்பக்கத்தில் ஓடுகிற பிளேயர் இரண்டு மூன்று கிடைத்தால் இதே கேசட்டை எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள், டிராக்கிங்கை (ஹெட் நாடாவின் தடத்தில் சரியாகப் படியச் செய்யும் செட்டிங்) திருப்பிப் பாருங்கள், எதில் அடியில் கோடு குறைவாக விழுகிறதோ அதுதான் உங்கள் பிளேயர். பின்பக்கம் ஆன்டெனா வயர் போகும் துளையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள், ஏவி அவுட் (மஞ்சள் வயர் போடும் துளை) வேண்டும். எஸ்-வீடியோ என்று நாலு ஓட்டை உள்ள உருண்டைத் துளை இருந்தால் அதிர்ஷ்டம், சாதாரண விஎச்எஸ் பிளேயரில் பெரும்பாலும் இருக்காது. இந்த டேப்பில் வெளிச்சமும் வண்ணமும் தனித்தனியாகவே பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் வயர் அவற்றை ஒன்றாகக் கலந்து அனுப்ப, கேப்சர் கருவி திரும்பப் பிரிக்கப் பாடுபடுகிறது. எஸ்-வீடியோவில் அந்த வீண் வேலை கிடையாது.

இனி உங்கள் ஸ்டிக். விலை மலிந்த யூஎஸ்பி ஸ்டிக்குகளின் பெரிய நோய் நீங்கள் சொன்னதுதான். பழைய டேப்பின் சிக்னல் சீராக வராது, ஒரு ஃப்ரேம் கொஞ்சம் முன்னே, ஒன்று கொஞ்சம் பின்னே. ஸ்டிக் தடுமாறி சில ஃப்ரேம்களை விட்டுவிடும், சத்தமோ தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரக் கடைசியில் தாலி கட்டி முடித்து எல்லாரும் அட்சதை போட்ட பிறகுதான் கெட்டிமேளம் கேட்கும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து ஏற்றி எடிட்டிங்கில் ஒட்டினால் ஓரளவு சமாளிக்கலாம்.

நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதில் ஃபயர்வயரும் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. தெரிந்தவர்களிடம் மினிடிவி கேமரா இருக்கிறதா? அதில் ஏவி துளை வெளியே அனுப்ப மட்டும் இல்லாமல் உள்ளே வாங்கவும் செய்யுமானால், விஎச்எஸ் பிளேயரிலிருந்து மஞ்சள் வயரைக் கேமராவுக்கும் கேமராவிலிருந்து ஃபயர்வயரைக் கம்ப்யூட்டருக்கும் போட்டுவிடுங்கள். கேமராவுக்குள் கேசட் போட வேண்டாம், அது நடுவில் நின்று மாற்றித் தரும். சோனி மெனுவில் 'ஏ/வி - டிவி அவுட்' என்று இதற்கு ஒரு செட்டிங் உண்டு. படமும் சத்தமும் ஒரே பொட்டலமாகக் கட்டி வருவதால் கெட்டிமேளம் பெரும்பாலும் சரியான இடத்தில் விழும். ஐரோப்பாவிலிருந்து வந்த கேமராவானால் முதலிலேயே சோதியுங்கள்: அங்கே உள்ளே வாங்கும் வசதி இருந்தால் வரி அதிகம் என்று பல மாடல்களில் அதை அடைத்து விற்றார்கள்.

இதே வேலைக்கென்று தனிப் பெட்டியும் உண்டு, கேனோபஸ் ஏடிவிசி 110 என்பது எடிட்டிங் டேபிள்களில் அந்தக் காலத்தில் பிரபலம். இன்றைக்கும் செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் வாங்கலாம். இதையெல்லாம் விடத் தரமாக வேண்டும், சுருக்கினாலும் எதுவும் இழக்கக் கூடாது என்பவர்கள் நல்ல கேப்சர் கார்டில் விர்ச்சுவல்டப் என்ற சாஃப்ட்வேரும் ஹஃப்ஒய்யூவி என்ற இழப்பில்லாத சுருக்க முறையும் வைத்து ஏற்றுகிறார்கள், மணிக்கு 30 ஜிபிக்கு மேல் பிடிக்கும். கல்யாண கேசட்டுக்கு அது அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை, அதிலும் அந்தக் கால வீடியோகாரர்கள் மணமக்களை இதயத்துக்குள் அடைத்துச் சுழலவிட்ட பிறகு அதில் என்ன நுணுக்கம் மிச்சம்!

வாங்கக் கூடாதது: மஞ்சள் வயரை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி. படத்தை இழுத்து அகலமாக்கி, இன்டர்லேஸை (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒன்றுவிட்டு ஒன்று கோடுகளாக இரண்டு பாதியாக வருவது) தன் இஷ்டத்துக்குப் பிய்த்துத் தரும். தொலைக்காட்சியில் பார்க்கச் சரி, எடிட்டிங்குக்கு ஆகாது.

கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் கோலமாவு தூவினாற்போல் வெள்ளையாக இருந்தால் பூஞ்சை. அதைப் பிளேயரில் போடவே கூடாது, ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: தொலைக்காட்சியில் ஓடவிட்டு மொபைலில் எடுத்துவிட்டால் என்ன? (வாசகர், ஊர் எழுதவில்லை)

எடுக்கலாம், ஜன்னலும் உங்கள் மூக்கும் அதில் தெரியும்.

கேள்வி: கனடாவில் இருக்கிறோம். 1998 முதல் எடுத்த ஹை8 கேசட்டுகள் இங்கே ஒரு பெட்டி நிறைய. யாழ்ப்பாணத்திலிருந்து மாமா கொண்டு வந்த ஹை8 கேசட்டுகளும் சில. கேமரா பழுது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக எடிட் பண்ண வேண்டும். என்ன வாங்கலாம்? (வாசகி, டொராண்டோ)

டிஜிட்டல்8 கேமராவைத் தேடுங்கள். சோனி 1999-ல் கொண்டு வந்தது. ஹை8 அளவு கேசட்டிலேயே டிஜிட்டலாகப் பதியும் கேமரா, ஆனால் அதன் அழகு அதில் இல்லை: பல மாடல்கள் பழைய அனலாக் ஹை8, வீடியோ8 கேசட்டையும் ஓட்டி ஃபயர்வயர் வழியாக அனுப்பிவிடும். மாற்றும் வேலை கேமராவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, மஞ்சள் வயரே வேண்டாம். எல்லா மாடலும் அப்படி அல்ல. மலிவான சில, டிஜிட்டல் கேசட்டை மட்டும்தான் ஓட்டும். அதனால் விற்பவரிடம் உங்கள் கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

உங்களுக்கு வேறு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கனடாவில் எடுத்தவை என்டிஎஸ்சி, நொடிக்கு 29.97 ஃப்ரேம். இலங்கையில் பிஏஎல், நொடிக்கு 25. இரண்டும் நாட்டுக்கு நாடு மாறும் வீடியோ முறைகள். டொராண்டோவில் வாங்கிய கேமரா மாமாவின் கேசட்டை ஒழுங்காக ஓட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால் கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சில கேசட்டுகளுக்காக பிஏஎல் கேமரா ஒன்றை இரவல் வாங்குங்கள், இல்லையென்றால் ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்து அங்கேயே ஏற்றிவரச் சொல்லுங்கள். ஏற்றும்போது இரண்டையும் அதனதன் கணக்கிலேயே வையுங்கள், ஒன்று 720x480, மற்றது 720x576. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எடிட்டிங்கின் கடைசி வேலையாக இருக்கட்டும். எந்தக் கேசட் அதிகமோ அதன் கணக்கில் டைம்லைனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை முறை ஏற்றினாலும் சரியாக 20 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கேசட் கோளாறா, கேபிளா? (வாசகர், சேலம்)

இரண்டும் இல்லை. பென்டிரைவிலோ பழைய ஹார்டு டிஸ்கிலோ நேரடியாகச் சேமிக்கிறீர்கள், அது எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. மணிக்கு 13 ஜிபி என்றால் 4 ஜிபி எத்தனை நிமிடம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். என்டிஎஃப்எஸ் ஃபார்மட் போட்ட டிஸ்கில் ஏற்றுங்கள், போதும்.

கேள்வி: 2007 கும்பாபிஷேகத்தை எடுத்த மினிடிவி கேசட். என் கேமராவில் போட்டால் கவுண்டர் ஓடுகிறது, திரை நீலமாகவே இருக்கிறது. அழிந்துவிட்டதா? (வாசகர், திருநெல்வேலி)

அநேகமாக அது எச்டிவி, அதாவது எச்டி தரத்தில் பதியும் டிஜிட்டல் வீடியோ. கேசட் அதே மினிடிவிதான், உள்ளே எழுதியிருப்பது 1440x1080 அளவில் எம்பெக்2 என்ற சுருக்கிய வீடியோ. பழைய மினிடிவி கேமராவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. எச்டிவி கேமராவை வாங்கி அதே ஃபயர்வயரில் ஏற்றுங்கள், வின்டிவி உதவாது, எச்டிவிஸ்பிளிட் போன்ற ஒன்று வேண்டும். சோனி கேமராவானால் மெனுவில் 'ஐ.லிங்க் கன்வ்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்து வையுங்கள். ஆன் ஆகியிருந்தால் கேமராவே எச்டியைச் சாதாரண தரத்துக்கு இறக்கி அனுப்பிவிடும், நீங்களும் கவனிக்க மாட்டீர்கள்.

இடமும் கூடுதலாகப் பிடிக்காது, அதே நொடிக்கு 25 மெகாபிட்தான். ஒரு துளி அழுக்கு பட்டால் மட்டும் மினிடிவி மாதிரி ஒரு கட்டத்தோடு போகாது, அரை நொடிப் படம் அப்படியே உறைந்து நிற்கும்.

கேள்வி: ஃபயர்வயரில்தான் ஏற்றினேன். ஆனாலும் படத்தில் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது. (வாசகர், மதுரை)

வயர் இருப்பதைத்தான் கொண்டு வரும். ஹெட் அழுக்காக இருக்கிறது. மினிடிவி கேமராவில் இரண்டு ஹெட் மாறி மாறிப் படிக்கின்றன, ஒன்று அடைத்துக்கொண்டால் படம் பட்டை பட்டையாக, ஒன்றுவிட்டு ஒன்று கெட்டிருக்கும். ஈரம் இல்லாத கிளீனிங் கேசட்டை ஒரு பத்து நொடி ஓட்டுங்கள், பத்து நொடிதான், சுத்தமாகட்டும் என்று ஐந்து நிமிடம் ஓட்டினால் ஹெட்டே தேய்ந்துவிடும்.

அப்படியும் போகவில்லை என்றால் கேசட் எல்பி (லாங் பிளே) மோடில் எடுத்ததா என்று பாருங்கள். 60 நிமிட கேசட்டில் 90 நிமிடம் எடுக்க ஆசைப்பட்டுப் பலர் அதைப் போட்டார்கள். தடங்கள் நெருக்கமாக இருப்பதால் எடுத்த கேமராவைத் தவிர வேறு கேமராவில் முரண்டு பிடிக்கும். எடுத்தவரைத் தேடிப் பிடிப்பதுதான் வழி. அப்புறம், ஒரே கேசட்டை இரண்டு முறை ஏற்றிப் பாருங்கள். உடைகிற இடம் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதில்லை, நல்ல பகுதிகளை எடுத்து எடிட்டிங்கில் ஒட்டிவிடலாம்.

கேள்வி: எடிட் செய்து பார்த்தால் நடனக் காட்சி மட்டும் நடுங்குகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

ஃபீல்டு ஆர்டர் மாறிவிட்டது, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமின் இரண்டு பாதிகளில் (ஃபீல்டு) எது முதலில் என்பது. மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில், எச்டிவியில் மேல் ஃபீல்டு முதலில், யூஎஸ்பி ஸ்டிக்குகளிலும் அனேகமாக மேல்தான். சாஃப்ட்வேரில் அந்தக் கிளிப்பின் செட்டிங்கை மாற்றினால் நின்றுவிடும். அசையாத காட்சியில் தெரியாது, அதனால்தான் நடனத்தில் மாட்டிக்கொண்டீர்கள்.

கேள்வி: இதெல்லாம் எனக்கு ஆகாத வேலை, கடையில் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். என்ன கேட்டு வாங்க வேண்டும்? ஏற்றிய பிறகு கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? (வாசகர், காஞ்சிபுரம்)

தாராளமாகக் கொடுங்கள். "டிவிடி போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். டிவிடிக்காகச் சுருக்கியதை மறுபடி எடிட் செய்தால் படம் இன்னும் நைந்துபோகும். மினிடிவி என்றால் "ஃபயர்வயரில் ஏற்றி டிவி ஏவிஐ ஃபைலாகவே என் ஹார்டு டிஸ்கில் போடுங்கள்" என்று சொல்லுங்கள். வாங்கும்போது ஃபைல் அளவைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பக்கம் இருந்தால் சரி. 1 ஜிபிதான் இருக்கிறது, "குவாலிட்டி அதேதான் சார்" என்கிறார் என்றால் அடுத்த கேசட்டை அங்கே கொடுக்காதீர்கள்.

தூக்கிப் போடலாமா என்றால், என் கதையைச் சொல்கிறேன். தங்கை கல்யாணத்தை மினிடிவியில் நானே எடுத்தேன். 2006-ல் கம்ப்யூட்டரில் ஏற்றினேன், கையில் ஃபயர்வயர் கேபிள் இல்லை, நாளைக்கு வாங்கலாம் என்ற பொறுமையும் இல்லை, மஞ்சள் வயர் போட்டு டிவிடி ஆக்கிவிட்டேன். படம்தான் வந்துவிட்டதே என்று அந்த நாலு கேசட்டில் மூன்றை ரீவைண்ட் செய்து எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திருவிழாவை எடுத்தேன், கேசட் விலை அப்படி. அதற்கு அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். அவர் வாசலில் நின்று எல்லாரையும் கை கூப்பி வரவேற்கும் காட்சி இன்றைக்கும் எங்களிடம் இருக்கிறது, அந்த டிவிடியில், முகம் கொஞ்சம் கலங்கி, சட்டைப் பையின் பேனா ஒரு நீலத் தீற்றலாக. மிஞ்சிய நாலாவது கேசட்டைப் பிற்பாடு ஃபயர்வயரில் ஏற்றினேன். சாப்பாட்டுப் பந்தி. வாழை இலையில் ஊறுகாயின் எண்ணெய் பிரிந்து நிற்பதுகூடத் தெரிகிறது, அப்பா அந்தப் பந்தியில் இல்லை.

கேசட்டைப் போடாதீர்கள். மினிடிவி கேசட்டின் முதுகில் 'ரெக் / சேவ்' என்று ஒரு சின்னத் தாழ் இருக்கும், சேவ் பக்கம் தள்ளி வையுங்கள். விஎச்எஸ் என்றால் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிடுங்கள். கடையில் கொடுப்பதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.